ஆறு கட்டில், ஆறு இயர்போன்... உங்க ரூம்ல என்ன பாட்டு ஓடுது?

'வீட்டுல இப்போ என்ன பாட்டு கேட்டுக்கிட்டிருக்கீங்க?'

பாட்டுப் பைத்தியங்கள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் ஐந்தாவது நிமிடத்தில் வந்து விழுகிற கேள்வி இது. ஆனால், இதே கேள்வியை ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ கேட்டால், பதிலுக்கு முன்னால் இன்னொரு கேள்வி வரும். 'எந்த வீட்டுல? ஊர்லயா, இங்க ரூம்லயா?'

ஏனென்றால், இந்த வட்டாரத்தில் வேலை பார்க்கிற பல்லாயிரம் பேருக்கு வீடு என்பது இரண்டு இடம். திருவண்ணாமலையிலோ, விழுப்புரத்திலோ, ஒடிசாவிலோ, பீகாரிலோ அம்மா அப்பா இருக்கிற வீடு ஒன்று. நாலைந்து பேரோடு பங்குபோட்டுக்கொள்கிற வாடகை அறை அல்லது விடுதி இன்னொன்று. இந்த இரண்டு வீட்டையும் சேர்த்துக்கட்டுகிற கயிறு, பெரும்பாலும் ஒரு பாட்டுதான்.

கார், போன், டயர், லாரி, புல்லட் என்று இந்த வட்டாரத்தில் தயாராகிற பொருட்களைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. அவற்றைத் தயாரிக்கிறவர்கள் ஷிஃப்ட் முடிந்து வந்து காதில் எதை மாட்டிக்கொள்கிறார்கள்? கொஞ்சம் கேட்போம், வாங்க.

ஒரு அறை, ஆறு ஊர்

1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கால் பதித்தது. 1998-ல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006-ல் நோக்கியா. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். 2013-ல் அதே ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு. இப்படி ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் வர வர, ஏரியும் வயலுமாக இருந்த ஊர்களில் வாடகைக்கு விடுவதற்கென்றே மாடி மேல் மாடி எழும்பியது.

வேலைக்கு வந்த பெண்கள் தங்கும் இடம் நீண்ட காலம் பெரிய பிரச்னையாகவே இருந்தது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் பலருக்கு உடல்நிலை பாதிக்கப்பட, பெண் தொழிலாளர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராடியதை நாடே பார்த்தது. 'இவர்கள் எப்படி வாழ்கிறார்கள்?' என்ற கேள்வியைப் பலரும் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார்கள்.

2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய பெண் தொழிலாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. மொத்தம் 18,720 படுக்கைகள். 13 கட்டடங்கள், கட்டடத்துக்கு 240 அறைகள். பெருக்கி, வகுத்துப் பாருங்கள். ஒரு அறைக்கு ஆறு பேர்.

அந்த ஆறு பேரும் ஒரே ஊர்க்காரர்களாக இருப்பது அபூர்வம். ஒரே ஷிஃப்ட்டில் இருப்பது அதைவிட அபூர்வம். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் காலை எட்டு மணிக்குப் போர்வையை இழுத்து மூடுவார். அதே நேரத்தில் செகண்ட் ஷிஃப்ட் போகிறவர் துணி துவைத்துக்கொண்டிருப்பார். இந்த அறையில் யாராவது ஸ்பீக்கரில் பாட்டு வைக்க முடியுமா? அதனால், ஆறு கட்டிலுக்கும் ஆறு இயர்போன். பக்கத்துக் கட்டிலில் என்ன பாட்டு ஓடுகிறது என்பதே தெரியாமல் மாதங்கள் ஓடிவிடுகின்றன.

பாட்டைப் பங்கு போட்ட காலம்

நம் அம்மாக்கள் காலத்தில் கதை வேறு. பாட்டு என்பது வீட்டுக்கு மொத்தமாக வருவது, தெருவுக்கே பொதுவானது. ஒரு வீட்டு ரேடியோவை நாலு வீடு கேட்கும்.

1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கர், சினிமாப் பாட்டு கேட்டால் ரசனை கெட்டுவிடும் என்று நினைத்தார். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுகள் குறைந்தன. நம் ஜனங்கள் என்ன செய்தார்கள்? ரேடியோ முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியில் வைத்துவிட்டார்கள்! மயில்வாகனம், பி.எச்.அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்களின் குரல் தமிழ்நாட்டு வீடுகளில் சொந்தக்காரர் குரல் மாதிரி ஆனது. விழித்துக்கொண்ட இந்திய வானொலி, 1957 அக்டோபர் 3-ம் தேதி 'விவித் பாரதி'யைத் தொடங்கி சினிமாப் பாட்டுக்குக் கதவைத் திறந்தது.

அந்தக் காலத்தில் 'நான் என்ன கேட்கிறேன்' என்று ஊருக்குச் சொல்ல ஒரே வழி, நேயர் விருப்பம். ஒரு தபால் அட்டை வாங்கி, பாட்டின் பெயரை எழுதி, கீழே வீட்டில் உள்ள அத்தனை பேர் பெயரையும் அடுக்கி அனுப்பிவிட்டு, ரேடியோவுக்குப் பக்கத்திலேயே காத்திருப்பார்கள். பாட்டு வருவதைவிட, அதற்கு முன்னால் நம் பெயரும் ஊரும் வருவதுதான் பெரிய சந்தோஷம்.

இதில் அகில இந்திய சாதனை படைத்த ஊர் ஒன்று உண்டு. அதன் பெயர் ஜும்ரி தலையா. இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில், மைக்கா சுரங்கங்களுக்குப் பேர்போன சிற்றூர். அங்கிருந்து வானொலிக்குக் குவிந்த விருப்ப அட்டைகளால், 'இப்படி ஒரு ஊர் நிஜமாகவே இருக்கிறதா?' என்று நாடே சந்தேகப்பட்டது. சினிமாவிலும் நகைச்சுவையிலும் அந்தப் பெயர் அடிபட்டது. இன்று அதே ஜார்க்கண்டிலிருந்து வந்த இளைஞர்கள் ஒரகடத்து அறைகளில் தங்கியிருக்கிறார்கள். தாத்தா தலைமுறை தபால் அட்டையில் ஊருக்கெல்லாம் சொன்ன விருப்பப் பாட்டை, பேரன் தலைமுறை இயர்போனுக்குள் தனியாகக் கேட்கிறது.

ரேடியோவைத் தயாரித்த ஊர்

பாட்டு தனித்தனிக் காதுக்குள் போனதில் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரு பங்கு உண்டு.

இந்தியாவில் எஃப்.எம். ஒலிபரப்பு முதன்முதலில் ஆரம்பித்ததே நம் சென்னையில்தான், 1977 ஜூலை 23 அன்று. ஆனால், எஃப்.எம். கேட்கத் தனி ரேடியோ வேண்டுமே! அது எல்லோர் கைக்கும் வரக் கிட்டத்தட்ட முப்பது வருடம் ஆனது. கொண்டுவந்தது செல்போன். 2006 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை திறக்கப்பட்டது. கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் முதல்முறையாகச் சீருடை அணிந்து கம்பெனி பஸ் ஏறினார்கள்.

அந்தக் காலத்துப் பட்டன் போன்களில் ஒரு வேடிக்கை இருந்தது. இயர்போன் வயரை மாட்டினால்தான் எஃப்.எம். பாடும். அந்த வயர்தான் ஏரியல். பாட்டு கேட்கத் தோன்றினால் வயரைக் காதில் மாட்டு என்று போனே பழக்கிவிட்டது. அடுத்து வந்தது மெமரி கார்டு. ரீசார்ஜ் கடைகளில் 'பாட்டு ஏத்தித் தரப்படும்' என்று எழுதிப்போட்டார்கள். இளையராஜா சோகம், எஸ்.பி.பி. மெலடி, அம்மன் பாட்டு, குத்துப் பாட்டு என்று கடைக்காரரே பிரித்து வைத்திருப்பார். அடுத்தவர் கார்டில் என்ன இருக்கிறது என்று கேட்டு, ப்ளூடூத்தில் வாங்கிக்கொள்வது அன்றைய நட்பின் அடையாளம்.

அந்த ஆலை நீடிக்கவில்லை. வரிப் பிரச்னை, நிறுவனம் கைமாறியது என்று பல காரணங்கள் சேர்ந்து 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. இருபதுகளில் வேலைக்குச் சேர்ந்த பல பெண்கள், கல்யாணப் பேச்சு நடக்கிற வயதில் வேலை இழந்தார்கள். அதே வளாகத்தில் பின்னர் சால்காம்ப் நிறுவனம் சார்ஜர் தயாரிக்க வந்தது. சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் தயாராகின்றன. உலகம் முழுக்கப் பாட்டு கேட்கிற கருவி இங்கே தயாராகிறது. ஆனால், பல ஆலைகளில் வேலை நேரத்தில் சொந்த போனை உள்ளே கொண்டுபோக அனுமதி கிடையாது. கேட் தாண்டி வெளியே வந்து, பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் முதல் பாட்டு!

சுப்ரபாதம் முதல் கூத்து வரை

சரி, ஊர் வீடுகளில் என்ன ஓடுகிறது?

காலையில் இன்னும் பழைய குரல்களுக்குத்தான் முதல் மரியாதை. 1963-ல் எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடி இசைத்தட்டாக வந்த வெங்கடேச சுப்ரபாதம், சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம், நாகூர் ஹனிபாவின் கம்பீரம், ஆடி மாதமென்றால் எல்.ஆர்.ஈஸ்வரியின் மாரியம்மன் பாட்டுகள், கார்த்திகை பிறந்தால் கே.வீரமணியின் ஐயப்பன் பாட்டுகள். இசைத்தட்டு கேசட்டாகி, கேசட் சி.டி.யாகி, சி.டி. யூடியூப் ஆகிவிட்டது. குரல் மட்டும் மாறவில்லை.

மார்கழியில் ஸ்ரீபெரும்புதூருக்கென்றே ஒரு தனிச் சொந்தம் உண்டு. 1017-ல் ராமானுஜர் அவதரித்த ஊர் இது. ஆண்டாளின் திருப்பாவை மேல் அவருக்கு இருந்த ஈடுபாட்டால், 'திருப்பாவை ஜீயர்' என்றே பெயர் பெற்றவர். முப்பது பாசுரங்களுக்கும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மெட்டமைத்தார். எம்.எல்.வசந்தகுமாரி பாடிய பதிவு வீட்டுக்கு வீடு போனது. முதல் ஷிஃப்ட்டுக்கு இருட்டோடு பஸ் பிடிக்கிறவர்களுக்கு, மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கியில் வருகிற பாசுரம்தான் அலாரம்.

இந்த மண்ணின் இன்னொரு சங்கீதம் தெருக்கூத்து. காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில், இரவு பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடிய விடிய நடக்கும். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக்கு, அதோடு முகவீணை. வீணை என்று பெயரில் இருந்தாலும் முகவீணை ஊதுகிற கருவி. நாகஸ்வரத்தின் குட்டித் தங்கச்சி மாதிரி. அதன் கீச்சுக் குரல் ஊர் எல்லை தாண்டிக் கேட்கும். 1990-ல் பெ.ராஜகோபால் முதலான கலைஞர்கள் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்து இந்தக் கலைக்கு வலுச் சேர்த்தார்கள். இன்று கூத்து முழு இரவும் யூடியூபில் கிடைக்கிறது. திருவிழாவுக்கு லீவு கிடைக்காதவர்கள், கர்ண மோட்சத்தையும் அர்ச்சுனன் தபசையும் போனில் பார்த்துக்கொள்ளலாம்.

சினிமாப் பாட்டில் வீட்டுக்குள்ளேயே தலைமுறைச் சண்டை உண்டு. 1976-ல் 'அன்னக்கிளி'யோடு வளர்ந்த அப்பா, 1992-ல் 'ரோஜா'வில் மயங்கிய சித்தப்பா, 2012-ல் '3' படத்தில் அறிமுகமான அனிருத்தைக் கொண்டாடுகிற தம்பி, தங்கை. ஆனால், நைட் ஷிஃப்ட் பஸ்ஸில் பெரும்பாலும் ஜெயிப்பது இளையராஜாதான். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் 'வேலியன்ட்' என்ற தன் சிம்பொனியை அவர் அரங்கேற்றியபோது, சிம்பொனி என்றால் என்னவென்றே தெரியாத வீடுகளிலும் 'நம்ம ராஜா' என்று பெருமைப்பட்டார்கள்.

ஊரை விட்டு வந்தவர்களின் பாட்டு

பக்கத்து அறையில் இந்தியில் ஏதோ ஓடுகிறது என்று நாம் நினைப்பது, பல நேரம் இந்தியே இல்லை. அது போஜ்புரியாக இருக்கலாம், மைதிலியாக இருக்கலாம், ஒடியாவாக, அசாமியாக இருக்கலாம்.

போஜ்புரியில் 'பிதேசியா' என்று ஒரு மரபே உண்டு. பிதேசியா என்றால் வெளியூர் போனவன். பீகாரின் பிகாரி தாக்கூர் (1887 - 1971) அந்தப் பெயரிலேயே ஒரு நாடகம் போட்டார். பிழைப்புக்காகக் கல்கத்தா போன கணவனை நினைத்து ஊரில் காத்திருக்கும் மனைவியின் கதை. பாட்டும் கூத்துமாக ஊர் ஊராகப் போன அந்த நாடகம், நூறு வருடம் கழித்தும் ஒரகடத்து அறையில் இருக்கிற ஒருவருக்குச் சொந்தக் கதை. ஊரின் பெயர்தான் வேறு.

பீகாரின் ஷாரதா சின்ஹா பாடிய சத் பூஜைப் பாட்டுகள் இல்லாமல் அங்கே சத் பண்டிகை கிடையாது. நமக்குப் பொங்கலும் சூலமங்கலமும் சேர்ந்தது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 5 அன்று, சத் பண்டிகை தொடங்கிய அதே நாளில் அவர் காலமானார். ஊருக்குப் போக முடியாமல் இங்கே தங்கிவிட்டவர்களுக்கு அந்த வருடப் பண்டிகை எப்படி இருந்திருக்கும்! ஒடிசாக்காரர்களுக்கு அக்ஷய மொஹந்தி. அசாம்காரர்களுக்கு பூபேன் ஹசாரிகா. அமெரிக்காவில் படிக்கப்போன ஹசாரிகா, மிசிசிப்பி நதியைப் பற்றிய கறுப்பினப் பாடகர் பால் ராப்சனின் பாட்டால் உந்தப்பட்டு, தன் பிரம்மபுத்திராவுக்கு ஒரு பாட்டு செய்தார். வெளியூரில் கேட்ட பாட்டுதான் சொந்த ஊர் ஆற்றை அவருக்குப் புதிதாகக் காட்டியது.

தமிழர்களுக்கு இது புரியாத விஷயமா என்ன? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்கள், கொழுந்து பறிக்கும்போதும் பிள்ளைக்குத் தாலாட்டும்போதும் பாடிய பாட்டுகளை எழுத்தாளர் சி.வி.வேலுப்பிள்ளை தேடித் தேடிச் சேகரித்தார். கடல் கடந்த பயணமும் கங்காணியின் கொடுமையும் விட்டு வந்த ஊரும் அந்தப் பாட்டுகளில் இருக்கின்றன. பிழைக்கப் போனவர்கள் மூட்டையில் என்ன இருந்ததோ இல்லையோ, பாட்டு இருந்தது.

காதுக்கும் ஒரு ஷிஃப்ட் உண்டு

இந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது.

பிரஸ் ஷாப்பிலும் இன்ஜின் சோதனைக் கூடத்திலும் இரைச்சல் சாதாரணமல்ல. 8 மணி நேர ஷிஃப்ட்டுக்கு 90 டெசிபல் என்பதுதான் நம் தொழிற்சாலை விதிகள் வைத்திருக்கும் உச்சவரம்பு. அதனால்தான் இயர் பிளக் கொடுக்கிறார்கள். பிரச்னை என்னவென்றால், வேலை முடிந்து பஸ்ஸில் ஏறியதும் பிளக்கைக் கழற்றிவிட்டு இயர்போனை மாட்டுகிறோம். பஸ் இரைச்சலை மீறிக் கேட்கச் சத்தத்தைக் கூட்டுகிறோம். காதுக்கு ஓய்வே இல்லை. ஓவர்டைம்தான்!

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது. 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். அதுவே 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். 3 டெசிபல் கூடினாலே கேட்கத் தகுந்த நேரம் பாதியாகிவிடும். உள்காதில் ஒலியை உணர்கிற முடியணுக்கள் காதுக்குச் சுமார் 15,000-தான் இருக்கின்றன. தலைமுடி மாதிரி அவை திரும்ப முளைக்காது. போனது போனதுதான்.

* போனின் சத்தத்தை 60 சதவிகிதத்துக்குள் வையுங்கள். உச்ச அளவைப் பூட்டி வைக்கிற வசதி பெரும்பாலான போன்களின் செட்டிங்ஸிலேயே உண்டு.
* இரைச்சலான பிரிவில் வேலை பார்த்த நாளில், அறைக்கு வந்ததும் காதுக்குக் கொஞ்ச நேரம் அமைதி கொடுங்கள்.
* காதில் 'ங்ஙொய்' என்று சத்தம் நின்றுகொண்டே இருந்தாலோ, எதிரில் பேசுகிறவரை 'என்ன, என்ன' என்று கேட்க நேர்ந்தாலோ டாக்டரைப் பாருங்கள். வேலை இரைச்சலால் வரும் செவித்திறன் குறைபாடு, சட்டப்படி தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. 'வயசானா வர்றதுதான்' என்று விட்டுவிடாதீர்கள்.
* நெடுஞ்சாலையைக் கடக்கும்போதும் பஸ்ஸுக்காகச் சாலையோரம் நிற்கும்போதும் இரண்டு காதிலும் இயர்போன் வேண்டவே வேண்டாம்.

அறைக்குள் ஒரு நேயர் விருப்பம்

இயர்போனைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆறு பேர் இருக்கிற அறையில் தனக்கென்று ஒரு மூலை கிடைப்பது அந்த வயர் மூலமாகத்தான். வீட்டு நினைப்பில் கண் கலங்கினால், பக்கத்துக் கட்டிலுக்குத் தெரியாமல் மறைத்துக்கொடுக்கிறதும் அதுதான். ஆனால், வாரம் முழுக்க அந்த மூலையிலேயே இருந்துவிட்டால், ஒரே அறையில் ஒரு வருடம் இருந்தும் ஒருவரை ஒருவர் தெரியாமலே போய்விடும். உடம்பு சரியில்லாமல் படுத்தாலும், சம்பளத்தில் பிடித்தம் என்று மனசு உடைந்தாலும் முதலில் ஓடி வரப்போவது பக்கத்துக் கட்டில்தானே?

ஒரு யோசனை. வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் ஞாயிறு மாலை, யாரும் தூங்காத அரை மணி நேரம் பார்த்து, ஒரு போனை ஒரு வெறும் எவர்சில்வர் டம்ளருக்குள் நிற்க வையுங்கள். சத்தம் அளவாகப் பெருகும், ஸ்பீக்கர் செலவு கிடையாது. ஆளுக்கு ஒரு பாட்டு. விதி இரண்டே இரண்டு. ஒன்று, பாட்டைப் போடுவதற்கு முன்னால், இது எங்கே கேட்டது, யார் வீட்டில் ஓடியது என்று இரண்டு வரி சொல்ல வேண்டும். இரண்டாவது, மொழி புரியவில்லை என்று யாரும் நடுவில் நிறுத்தச் சொல்லக் கூடாது.

திருவண்ணாமலைப் பொண்ணு கூத்துப் பாட்டு போடட்டும். ஒடிசாப் பொண்ணு அக்ஷய மொஹந்தியைப் போடட்டும். தென்காசிப் பொண்ணு நையாண்டி மேளம் போடட்டும். ஆறாவது பாட்டு முடியும்போது ஆறு ஊர் உங்கள் அறைக்கு வந்து போயிருக்கும்.

ஊரில் இருக்கிற பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ராத்திரி போன் பண்ணும்போது 'சாப்பிட்டியா, தூங்கினியா, சம்பளம் வந்துச்சா?' என்று கேட்கிறீர்கள், கேட்க வேண்டியதுதான். கூடவே, 'இப்போ என்ன பாட்டு கேட்டுக்கிட்டிருக்க?' என்றும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். 'நல்லா இருக்கேன்மா' என்ற ஒற்றைப் பதிலில் வராத பல சேதிகள், அந்தப் பாட்டின் பெயரில் வந்துவிடும்.